முறைப்படி எரித்தவர்

மண்டூர் கந்தப்பர் நல்லரத்தினம் பிறந்தது 1953ஆம் ஆண்டு என்று அவரைப் பெற்ற தாய் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறப்புப் பதிவு 1954 என்றது. நல்லரத்தினம் பதிவின் பக்கம். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அம்மாக்கு ஞாபகப் பிழை" என்பார். இந்தப் பிழையால் ஓய்வு பெற ஒரு வருடம் பிந்தியது. அந்த வருடத்தையும் ஒரு நாள் லீவு போடாமல் வேலை செய்து தீர்த்தார்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தின் ஆவண அறையில் முப்பத்தொரு வருடம் அவர் காப்பாளராக இருந்தார். அறைக்கு ஒரு யன்னல், அதுவும் திறக்காது. உள்ளே பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகள், காணி உத்தரவுப் பத்திரங்களின் அடிக்கட்டைகள், கயிற்றால் கட்டிய கோவைகள், கறையானுக்கு எதிராக வைத்த பூச்சி உருண்டைகள். வெளியே ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம், வெள்ளத்திலும் நெருப்பிலும் இடம்பெயர்விலும் கடதாசிகளைத் தொலைத்த சனம். இந்தப் பக்கம் நல்லரத்தினம்.

ஒருமுறை வெல்லாவெளியிலிருந்து ஒரு விவசாயி பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டு வந்தார். எந்தப் பிரிவில் பதிந்தது, எந்த வருடம், ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"ஐயா, நான் பொறந்திரிக்கன் தானே? உங்களுக்கு முன்னால நிக்கிறன்."

"நிக்கிறீங்க. எப்ப இருந்து நிக்கிறீங்க எண்டுதான் எனக்குத் தெரியல்ல."

அந்த மனிதர் சத்தியக்கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்து ஒப்பமிட்டது, முத்திரையும் குத்தியிருந்தது. நல்லரத்தினம் அதை இரண்டு விரலால் மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். உண்மையான கடதாசி இல்லாதவர்கள் கொண்டுவரும் கடதாசி என்பது அதைப்பற்றி அவருடைய அபிப்பிராயம். பிறகு நான்கு நாள் மதிய இடைவேளையில் சோற்றுப் பார்சலைத் திறக்காமல் பதிவேடுகளைப் புரட்டி, அந்த மனிதருடைய பிறப்பு அவருடைய தமக்கையின் பிறப்போடு ஒரே நாளில் பிந்திப் பதியப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்து அனுப்பினார். சனத்திடம் ஈவிரக்கமில்லாமல் பேசுவதும் அதே சனத்துக்காகப் பட்டினி கிடப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இவருடைய வாழ்க்கையின் பெருமை அந்த அறை அல்ல. சங்கம். மட்டக்களப்பு வாவிக்கரை அரச ஆவணக் காப்பாளர் சங்கம் என்பது அதன் முழுப் பெயர். மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் ஆவண அறைகளைக் காப்பவர்கள், நூலகங்களில் அரசிதழான வர்த்தமானிகளைத் திகதி வாரியாக அடுக்குபவர்கள், ஓய்வூதியக் கோவைகளை வைத்திருப்பவர்கள் என்று வாவியின் இரண்டு கரையிலிருந்தும் சேர்ந்தவர்கள் அதன் உறுப்பினர்கள். எந்த அலுவலகத்திலும் கடைசி அறையில் இருப்பவர்கள். கூட்டம் கூடினாலும் கடைசி வரிசையில் இருந்தே பழகியவர்கள்.

சங்கம் தோன்றியதற்குக் காரணம் ஒரு படகு ஓடாதது. 1995இல், வெள்ளத்தில் நனைந்த பதிவேடுகளை உலர்த்துவது எப்படி என்று மண்டூரில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பு முடிந்து திரும்பும்போது எங்கோ இராணுவச் சுற்றிவளைப்பு. குருமண்வெளிக்குப் போகும் பாதை ஓடவில்லை. வாவியைக் கடக்கும் தட்டைப் படகுக்கு இங்கே அதுதான் பெயர். எழுவான்கரைக்காரர் ஆறு பேர் இந்தக் கரையில் அகப்பட்டார்கள். நல்லரத்தினம் அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். மனைவி சீதேவிப்பிள்ளை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பேச ஒன்றுமில்லாமல் போனதும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். காத்தான்குடி அசனார் யோசனையைச் சொன்னார், நல்லரத்தினம் விதிகள் அடங்கிய யாப்பை எழுதினார், எல்லோரும் சேர்ந்து அவரை ஸ்தாபகச் செயலாளர் ஆக்கினார்கள். பாதை மறுபடி ஓடியபோது சங்கத்துக்கு இருபத்திரண்டு விதிகள் இருந்தன.

அதில் இரண்டு விதிகள் முக்கியம். நாலாம் விதி: ஆவண ஆதாரமற்ற எதுவும் சங்கத்தின் பெயரால் கூறப்படலாகாது. பதினேழாம் விதி: சங்கத்தின் ஆவணங்கள் அரச அலுவலக ஆவணங்களுக்குரிய ஒழுங்கின்படியே பேணப்பட்டு, காலம் முடிந்ததும் அழிக்கப்படும்.

பதினேழாம் விதியில்தான் வந்தது வினை. அவர்களுடைய அலுவலக ஒழுங்கில், ஊழியர் நலன்புரிக் கூட்ட அறிக்கை என்றால் ஐந்து வருடம். பிறகு எரிக்க வேண்டும். சங்கம் ஒரு நலன்புரிச் சங்கம். ஆகவே அதன் கூட்ட அறிக்கைகளுக்கும் ஐந்து வருடம். தங்களுடையதை மட்டும் நிரந்தர வகையில் சேர்க்க முடியுமா என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் போனது. பதில் வரவில்லை. ஐந்து வருடம் முடிந்ததும் அந்தக் கடிதத்தின் பிரதியையும் எரித்தார்கள். யாப்பு மட்டும் நிரந்தரம். ஆனால் யாப்பில் யாருடைய பெயரும் இல்லை. பெயர்களும் ஒப்பங்களும் இருந்த தாள் ஆரம்பக் கூட்ட அறிக்கையோடு இணைக்கப்பட்டிருந்தது.

கையால் எழுதிய ஒரே பிரதியை எரிக்கலாமா என்று வேறு எந்தச் சங்கமும் ஒரு நிமிடம் யோசித்திருக்கும். இவர்கள் தொழில் தெரிந்தவர்கள், யோசிக்கவில்லை.

முதலாவது எரிப்பு 2001 தை மாதம் நடந்தது. பாதைத் துறைக்குப் பக்கத்தில் நல்லரத்தினத்தின் தம்பியுடைய தென்னங்காணி. எரிக்கவேண்டிய ஒவ்வொன்றுக்கும் பொருள், திகதி, பக்க எண்ணிக்கை எழுதிய அழிப்புப் பட்டியல் மூன்று பிரதி. அழித்தவர் ஒப்பம், சாட்சி ஒப்பம். அந்தக் காலத்தில் வாவிக்கரையில் புகை எழுந்தால் கேட்க ஆட்கள் வருவார்கள். எந்த ஆட்கள் என்பது அந்தந்த வருடத்தைப் பொறுத்தது. வந்தவர்களிடம் நல்லரத்தினம் ஒரு பிரதியைக் கொடுத்து, வாங்கியதற்கு ஒப்பமும் கேட்டார். வந்தவர்கள் ஒப்பமிட்டுவிட்டுப் போனார்கள் என்று அசனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

எரிப்பு நாள் வருடாந்த வழக்கமாகிவிட்டது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தால் எரிப்பு நாளுக்கு நாற்பது பேர் வந்தார்கள். சோற்றுப் பார்சல், வறுத்த மீன், இளநீர். ஏறாவூர்க்காரர் புரியாணிச் சட்டியோடு வந்தார்கள். சிலர் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். சுனாமிக்கு அடுத்த தை மாதமும் கொரோனா காலத்தில் ஒரு முறையும் தவிர எரிப்பு நாள் நின்றதே இல்லை. நல்லரத்தினம் ஓய்வு பெறும்வரை பதின்மூன்று முறை அவரே தீ மூட்டினார்.

இப்படியாக முப்பது வருடம் ஓடி, 2025 வந்தது. முப்பதாவது ஆண்டு மலர் ஒன்று வெளியிட வேண்டும், அதில் சங்கத்தின் வரலாறு வர வேண்டும் என்று நிருவாக சபை தீர்மானித்தது. தலைவர் வினோஜன், முப்பத்தைந்து வயது, கச்சேரியில் வேலை. செயலாளர் நுஸ்ரா, ஏறாவூர் நூலகத்தின் வர்த்தமானிப் பகுதி. இருவரும் ஒரு சனிக்கிழமை மண்டூருக்கு வந்தார்கள். வினோஜனின் கையில் ஒரு பழைய நிழற்படம் இருந்தது.

படத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு பெரிய அதிகாரி குத்துவிளக்கு ஏற்றுகிறார். பின்னால் ஸ்டூடியோ முத்திரை, 1995.08.22. அதன் கீழ் யாரோ பேனையால் எழுதியது: சங்க ஆரம்பம்.

"இவர்தான் சேர் ஸ்தாபகர் எண்டு வருது," என்றான் வினோஜன், குரலைத் தாழ்த்தி.

நல்லரத்தினம் படத்தைப் பார்த்தார். "இவரு வந்தது நாப்பது நிமிசம். விளக்கக் கொளுத்தினாரு, வடை திண்டாரு, ஜீப்புல ஏறினாரு."

"அது எங்களுக்கும் தெரியும் சேர். உங்கட பேரப் போடத்தான் எங்களுக்கும் விருப்பம். ஆனா நாலாம் விதி இரிக்கே."

"நாலாம் விதிய எழுதினது ஆரு?"

"ஆரெண்டு எழுதியில்ல சேர்."

உள்ளேயிருந்து சீதேவிப்பிள்ளை சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. அவர் தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே வந்து நுஸ்ராவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

"நான் எழுதித் தாறன் புள்ள. இந்த ஊட்டிலதான் தொடங்கினது. கண்ணால பாத்தவ நான். என்ன எழுதோணும், சொல்லு."

"நீ சொல்லி என்னத்துக்கு? எழுத்தில இரிக்கா?" என்றார் நல்லரத்தினம்.

"எங்கட கலியாணம் எழுத்தில இரிக்கு. அதால என்ன கண்டன்?"

வினோஜன் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்தான். போகும்போது, சித்திரை முடிவதற்குள் ஏதும் ஆதாரம் கிடைத்தால் சொல்லுங்கள் என்றான். இல்லாவிட்டால் படம் முதல் பக்கத்தில் வரும்.

தனக்கு ஒன்றுமில்லை, பேரில் என்ன இருக்கிறது என்று நல்லரத்தினம் அன்றைக்கு நான்கு முறை சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. நான்காவது முறை சொல்லும்போது சீதேவிப்பிள்ளை அசனாருக்கு டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்து ஏழு பேரில் நால்வர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் கனடாவில், யாரையும் அடையாளம் தெரியாத நிலையில். மிச்சம் அசனார்தான்.

அசனார் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றிக்கொண்டு மறுநாளே வந்தார். வந்து கதிரையில் இருக்கும்போதே தீர்வையும் சொன்னார்.

"சத்தியக்கடதாசி முடிப்பம் மச்சான். நான் சத்தியம் பண்றன், தங்கச்சி சத்தியம் பண்ணட்டும், நீயும் பண்ணு. மூணு பேர்ர சத்தியம். அதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்?"

"முப்பத்தொரு வருசம் அந்தக் கடதாசியத் தள்ளிவிட்ட கை இது."

"அப்ப அந்தக் கையால படத்தில இரிக்கிறவருக்கு இன்னொரு மாலையப் போடு."

நல்லரத்தினம் எழுந்து உள்ளே போனார். கோபித்துவிட்டார் என்று அசனார் நினைத்தார். சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார்.

மூவரும் ஆட்டோவில் சமாதான நீதவானிடம் போனார்கள். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"சரி. ஆதாரம் ஏதும் கொண்டுவந்தயளா?"

"ஆதாரம் இருந்தா நான் என்னத்துக்கு இஞ்ச வாறன்?" என்றார் நல்லரத்தினம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முப்பத்தொரு வருடம் கேட்ட வசனம் அது. இத்தனை பேர் சொல்லும்போது திமிர்ப் பேச்சாகப் பட்டது தன் வாயில் வரும்போது நியாயமாகவே இருந்தது.

அதிபர் பேனையைத் திறந்தார். "எத்தனையாம் திகதி சங்கம் தொடங்கினது?"

"சித்திர மாசக் கடைசி," என்றார் நல்லரத்தினம்.

"ஆவணி," என்றார் சீதேவிப்பிள்ளை. "கோயில் கொடியேறி நிண்டது. வந்தவங்களுக்கு மீன் ஆக்கிக் குடுக்கல்ல, மரக்கறிதான்."

அசனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தங்கச்சி சொல்றீங்க? அது நோம்பு மாசம். தண்ணிகூடப் படாம பகல் முழுக்க உங்கட ஊட்டில கிடந்து நான் பட்ட பாடு எனக்கு மறக்குமா?"

"நோம்பா? ரெண்டு கோப்ப பிளேன்டீ குடிச்சீங்க அசனார் நானா! ரெண்டாவதுக்கு சீனி காணாதெண்டும் சொன்னீங்க."

"அல்லாஹ்வே, தங்கச்சி! ஆக்கள் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"கேக்கட்டும். நான் சத்தியம் பண்றன்."

"நானும் பண்ணுவன்!"

அதிபர் பேனையை மூடிவிட்டார். மூன்று பேரும் மூன்று மாதத்துக்குச் சத்தியம் செய்ய ஆயத்தமாக இருந்தார்கள். மூன்று பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. இதில் நல்லரத்தினத்துக்கு ஒரு கசப்பான திருப்தி கூட உண்டானது. சாட்சியை நம்பாதே என்று தான் வாழ்நாள் முழுக்க இருந்தது சரியென்று, தனக்குப் பாதகமாகவே, நிரூபணமாகிவிட்டது. ஒப்பமிடாமல் எழுந்தார்.

"இவ்வளவு தூரம் வந்து?" என்றார் அசனார்.

"திகதி தெரியாம சத்தியம் பண்ண ஏலா."

ஆட்டோவில் திரும்பும்போது திகதி என்ற சொல்தான் அவருக்கு அழிப்புப் பட்டியலை நினைவூட்டியது. எரித்த ஒவ்வொன்றின் திகதியும் அதில் இருக்கும். ஒழுங்கின்படி அழிப்புப் பட்டியல் நிரந்தர வகை. ஆவணம் சாகலாம், அதன் மரணப் பதிவு சாகக் கூடாது. இருபத்துமூன்று வருடப் பட்டியல்களும் சங்கத்தின் இரும்பு அலுமாரியில் ஒரு தாள் குறையாமல் இருந்தன. சங்கம் தன் வாழ்நாளில் ஒழுங்காகச் சேமித்தது அது ஒன்றைத்தான்.

திங்கட்கிழமை நுஸ்ரா அலுமாரியைத் திறந்து முதலாவது பட்டியலை எடுத்தாள். முதலாவது வரி: ஆரம்பக் கூட்ட அறிக்கை, இணைப்புத் தாளுடன். திகதி 1995.06.13. பக்கங்கள் 06. அழித்தவர் க. நல்லரத்தினம். சாட்சி அசனார்.

ஆனி மாதம். மூன்று பேர் சொன்னதும் பிழை.

நுஸ்ரா உடனே டெலிபோன் எடுத்தாள். "சேர், விளக்கேத்தினவர் ஸ்தாபகர் இல்ல. அவர் வாறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முதலே சங்கம் தொடங்கிட்டு. ஆதாரம் இரிக்கு."

"சரி. தொடங்கினது ஆரெண்டு இரிக்கா?"

"அது இல்ல சேர். எரிச்சது ஆரெண்டுதான் இரிக்கு."

மலரின் முதல் படி அப்படித்தான் தயாரானது. பதின்மூன்று இடத்தில் நல்லரத்தினத்தின் பெயர் வந்தது, பதின்மூன்றிலும் அழித்தவராக. ஸ்தாபகர் என்ற இடத்துக்கு எதிரே 'ஆவணம் இல்லை' என்று தட்டச்சுச் செய்திருந்தார்கள். வாசித்த ஒரு இளம் உறுப்பினர், சங்கத்தை அழிக்க முயன்ற ஒருவரைப் பற்றி இவ்வளவு மரியாதையாக எழுதத் தேவையில்லை என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பினார்.

அந்தப் படி நல்லரத்தினத்தின் வீட்டுக்கும் வந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்து, ஒரு பக்க எண் பிழையைத் திருத்தி, "சரியாத்தான் இரிக்கு" என்று கையெழுத்து வைத்தார். அன்றைக்குப் பகல் அவர் சாப்பிடவில்லை. சீதேவிப்பிள்ளை மூடி வைத்த சோற்றைப் பார்த்துவிட்டு, நுஸ்ராவுக்கு டெலிபோன் எடுத்தார். என்ன சொன்னார் என்பது தெரியாது. அதற்கு ஆவணம் இல்லை.

வைகாசியில் அமிர்தகழியில் ஒரு மண்டபத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. வழக்கத்துக்கு மாறாக நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். நுஸ்ரா எழுந்து, நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விடயம் என்றாள்.

"எங்கட சங்கத்த நிறுவினவர் க. நல்லரத்தினம் எண்டு இந்தப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கோணும். தீர்மானிச்சா அது கூட்ட அறிக்கையில வரும். கூட்ட அறிக்கை ஒரு ஆவணம். மலரில அத ஆதாரமாப் போடலாம். நாலாம் விதிக்கும் பழுதில்ல."

நல்லரத்தினம் எழுந்தார். "தீர்மானிச்சா நடந்ததாகிடுமா புள்ள?"

"அரசாங்கத்தில அப்பிடித்தானே சேர்."

மண்டபம் சிரித்து அடங்க நேரமெடுத்தது. தன்னைப் பற்றிய விடயம் பேசும்போது தான் உள்ளே இருப்பது முறையல்ல என்று நல்லரத்தினம் வெளியே போய் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றார். யன்னலுக்கு நேரே நிற்கக்கூடாது என்று கொஞ்சம் தள்ளியும், கேட்காமல் போய்விடக்கூடாது என்று அதிகம் தள்ளாமலும் நின்றார்.

"ஆட்சேபனை இரிக்கா?" என்று வினோஜன் கேட்டது வெளியே கேட்டது. பிறகு ஒரு தடித்த குரல்:

"தலைவர், எனக்கொண்டு தெரியோணும்."

நல்லரத்தினம் பக்கத்திலிருந்த சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இதால எரிப்பு நாளுக்கு ஏதும் பிரச்சின வருமா?"

"வராது."

"அப்ப எனக்கு ஆட்சேபனை இல்ல."

ஏகமனதாக நிறைவேறியது. அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். அசனார் அவருடைய முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வினோஜன் கூட்ட அறிக்கையை அந்த இடத்திலேயே எழுதி முடித்து, மேல் மூலையிலிருந்த சிறிய கட்டத்தைக் காட்டினான். எவ்வளவு காலம் பேண வேண்டும் என்று வகையை எழுதும் கட்டம் அது.

"சேர், இத மட்டும் நிரந்தரம் எண்டு போடுவம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. உங்கட கையால எழுதுங்க."

நல்லரத்தினம் பேனையை வாங்கினார். கட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். நாற்பது பேரும் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நலன்புரிக் கூட்ட அறிக்கைக்கு நிரந்தரம் இல்ல தம்பி," என்று சொல்லி, 5 என்று எழுதிக் கீழே கோடு இழுத்தார்.

அசனாருக்குப் பொறுக்கவில்லை. "விசரா மச்சான் ஒனக்கு? மலர் நூலகத்தில எந்த நாளும் கிடக்கும். அதில ஆதாரம் இந்த அறிக்கை எண்டு இரிக்கும். அறிக்கையத் தேடி வாறவனுக்குச் சாம்பலக் காட்டவா?"

"அழிப்புப் பட்டியலக் காட்டு."

மாலையாகும் முன்பே அவர் மண்டூருக்குத் திரும்பிவிட்டார். சீதேவிப்பிள்ளை வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டார். ஆனாலும் கேட்டார்.

"என்னவாம்?"

"ஸ்தாபகர் எண்டு தீர்மானிச்சிட்டாங்க."

இத்தனை வருடம் இவர்களுடைய கூட்டங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியவர் என்பதால் அடுத்த கேள்வி அவருக்கு இயல்பாக வந்தது.

"எவ்வளவு காலத்துக்கு?"

"ரெண்டாயிரத்து முப்பத்தொண்டு தை வரைக்கும்."

சீதேவிப்பிள்ளை விரலில் எண்ணிப் பார்த்தார்.

"எங்கட காலத்துக்குக் காணும்," என்றார். "வாங்க, சோறு ஆறப்போகுது."

நல்லரத்தினம் அன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.